அஞ்சல் தலைக்குத் தெரு பேதமில்லை

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் போல, ராணுவத்திலிருந்து திரும்பி உரிமைக்குப் போராடியவர் நம் பக்கம் உண்டா?
(ஏற்காடு வாசகர்)

பதில்: உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இமானுவேல் சேகரன். 1924-ல் ராமநாதபுரம் மாவட்டம் செல்லூரில் பிறந்தவர்; எவர்ஸ் பிறந்தது 1925-ல். அவர் போர் வீரராக நார்மண்டிக்குப் போனார். இவர் இந்திய ராணுவத்தில் இருந்தார். சீருடை தந்த சமத்துவம், அதைக் கழற்றியதும் ஊரில் கிடைக்கவில்லை. இருவரும் அதைக் கேட்டார்கள். சாதி மோதலைத் தணிக்க முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து பேசிய இமானுவேல், மறுநாள், 1957 செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 32. எவர்ஸ் 1963-ல் வீட்டு வாசலில் சுடப்பட்டார்.

2010-ல் இந்திய அரசு இமானுவேலுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. சாதி பார்த்து மனிதரைத் தெரு முனையில் நிறுத்தலாம். அஞ்சல் தலையை நிறுத்த முடியாது. அவர் முகம் எல்லாத் தெருவுக்குள்ளும் போனது. இனி, அவர் மக்களும் அப்படியே போக வேண்டும்.