சீனியல்

திருவனந்தபுரத்தில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் தலையாயது ‘சீன்’ என்க. பண்டைக் கிரேக்கத்தில் நடிகர் உடை மாற்றும் கூடாரத்துக்குப் பெயராக இருந்தது. பிறகு அரங்கமாகி, நாடகக் காட்சியாகி, கப்பலேறி வந்து இந்நகரத்துத் தம்பானூரில் இறங்கியபோது காட்சி என்ற பொருளையும் ஏறக்குறையத் தொலைத்துவிட்டது.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக்கினார் தொல்காப்பியர். கடல் கடந்து வந்ததால் சீன் திசைச்சொல். வந்தபின் திரிந்த திரிவைப் பார்த்தால் திரிசொல் என்று சொல்லவும் நாக்கு துறுதுறுக்கிறது. தொல்காப்பியத்தின் அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசானின் ஊர் என்று கருதப்படும் அதங்கோடு, 1956 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில்தான் இருந்தது. அவர் இருந்திருந்தால் இந்தத் திரிசொல் வாதத்தை முதல் வரியிலேயே தடுத்திருப்பார். இல்லாததால் மேலே செல்வோம்.

சீனைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்டால் அது வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும்.

போடுதல் முதல் வகை. இது தமிழர் சொத்து. திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் நெடுங்காலமாக இருப்பதால் இவ்வூரிலும் கேட்கும். “ரொம்ப சீன் போடாதே” என்றால் பகட்டாதே என்று பொருள். இங்கே குற்றவாளி ஒரு மனிதர். அவருக்கே ‘சீன் பார்ட்டி’ என்ற பட்டமும் உண்டு.

ஆதலும் ஆக்கலும் இரண்டாம் வகை. இது மலையாளத்தார் சொத்து. இங்கே மனிதர் மறைந்து நிலைமை மட்டும் நிற்கிறது. பைக்கில் மூவராகப் போய்ப் போலீசிடம் மாட்டினால் ‘சீனாயி’. வீட்டுக்குத் தெரிந்தால் அதைவிடச் சீன். “சீனாக்கல்லே” என்பது விஷயத்தைப் பெரிதாக்காதே என்னும் வேண்டுகோள். ஆகவே சாலைக் கடைத்தெருவில் தமிழர் ஒருவர் “சீன் போடாதீங்க” என்று ஏச, ஏச்சு வாங்கியவர் “ஒரு சீனும் இல்லா, அண்ணா” என்று அவரையே தேற்றக்கூடும். வசை ஆறுதலாகத் திரும்பும் இந்த அணிக்குத் தண்டியலங்காரத்தில் பெயர் தேடினேன், கிடைக்கவில்லை.

இவ்வகையின் எதிர்மறையே நகரத்தின் உயிர்நாடி: “சீனில்லா அளியா.” அளியன் என்றால் மைத்துனன்; தங்கையே இல்லாதவனும் இங்கே ஊருக்கெல்லாம் மைத்துனன் என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க. சீனில்லா மூன்று விதம். உண்மையிலேயே சிக்கல் இல்லாதது ஒன்று, இது அரிது. சிக்கல் உண்டு, ஆனால் உன்னிடம் சொல்லி ஆவதொன்றுமில்லை என்பது மற்றொன்று. சிக்கல் முழுக்க உன்னுடையது, எனக்கொன்றுமில்லை என்பது மூன்றாவது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போனவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதே. முகம் பார்த்துப் பிரித்தறிக.

பிடித்தல் என்றொரு வகை உண்டு. பெண்களைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது அது; நம்மூர் ‘சீன் படம்’ அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. விரித்தால் நூல் கெடும்.

அடை பெறுவதும் உண்டு. ‘சீன் டார்க்’ என்றால் நிலைமை இருண்டது. ‘சீன் கான்ட்ரா’ என்றால் எல்லாம் எதிராகத் திரும்பியது. 2015இல் வந்த ‘பிரேமம்’ படத்தின் ஒரு பாட்டுக்கு இதுவே தலைப்பு. இவ்விரண்டில் எது கூடுதல் துயரம் என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி பாட பேதம்.

மாற்றுதல் புதியது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளிவருமுன் இசையமைப்பாளர் சுஷின் ஷ்யாம், அந்தப் படம் மலையாள சினிமாவின் சீனையே மாற்றும் என்று சொல்லிவைத்தார். 2024இல் படம் தமிழ்நாட்டிலும் கூட்டத்தை இழுத்தது. ‘சீன் மாற்றுதல்’ மரபுத்தொடராகிவிட்டது. வெறும் சிக்கலாக உழன்ற சொல்லுக்கு ஒரு துறையின் போக்கு என்ற பெரிய பொருள் வாய்த்தது இப்படித்தான். அதற்குள் சீன் மாற்றாத குறும்படமே இல்லை என்றாகியும் விட்டது.

எஞ்சியது வினையே இல்லாத வெறுஞ்சீன். சட்டென்று வெட்டிச் சொன்னால் ஆபத்து. இழுத்துச் சொன்னால் அபாரம். ஓசையே பொருளைப் பிரிக்கிறது. வாட்ஸ்அப்பில் ஓசை தெரியாது. “ரிசல்ட் வந்தாச்சு, சீன்” என்று மட்டும் செய்தி வந்தால் பெற்றோர் என்ன செய்வது என்பதற்குச் சூத்திரம் இல்லை. போன் செய்து கேட்டால் வரும் விடை: “சீனில்லா.”