ஏழு இரவு, ஐந்து வானிலை: கப்பல் நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர், தற்காலிக முகவரி: மகள் வீடு, சியாட்டில்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், மூட்டைமுடிச்சு ஆலோசனைப் பிரிவு, பெயர் குறிப்பிட விரும்பாத உல்லாசக் கப்பல் நிறுவனம்.

பொருள்: அலாஸ்கா கோடைப் பயணம் – பெட்டி கட்டுதல் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது "என்ன கொண்டு வரலாம்?" என்னும் மின்னஞ்சலும் அதன் நினைவூட்டல்களும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பார்வையில் கண்ட மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது. குடும்பம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, உரக்க வாசிக்கவும்பட்டது. "அலாஸ்காவின் கோடை வானிலை எப்போது மாறும் என்று சொல்வதற்கில்லை, எல்லாவற்றுக்கும் தயாராக வாருங்கள்" என்று அதில் கண்டிருக்கிறது. காலமெல்லாம் அரசுக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவன் நான். பொறுப்பைக் கைகழுவும் வாக்கியத்தை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். 'எல்லாம்' உங்கள் பக்கம். 'தயார்' எங்கள் பக்கம். நனைந்தாலும் விறைத்தாலும் வியர்த்தாலும் குற்றம் பயணியின் பெட்டியைச் சேரும். இத்தனை கச்சிதமான சுற்றறிக்கையை எங்கள் துறையில்கூட யாரும் எழுதியதில்லை. முதற்கண் பாராட்டுகள்.

இணைப்பாக வந்த பட்டியலையும் பார்த்தோம். நீச்சலுடைக்கு அடுத்த வரியில் கம்பளிக் கையுறை. வெயிலுக்குப் பூசும் களிம்புக்குக் கீழே மழைக்கோட்டு. அரைக்கால் சட்டைக்குப் பக்கத்தில் குளிர் தாங்கும் உள்ளாடை. கடைசியாக, இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கென்றே கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. கேட்டு முடித்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏங்க, இவங்க நம்மள ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்களா, அஞ்சு ஊருக்கா?"

நீங்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். உங்கள் பயண நிரலை எடுத்து ஊர் ஊராகப் பார்த்தேன். வானிலை ஒன்றும் பித்துப் பிடித்து மாறவில்லை ஐயா. அது அந்தந்த ஊரில் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள்தான் எங்களைத் தினம் ஒன்றில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்கிறீர்கள்.

கெட்சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மி.மீ. மழை. சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400 மி.மீ.தான், அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். கெட்சிக்கனிலோ பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கடலோர மலைகளில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவைக்கிறது. சுற்றிலும் டோங்கஸ் மழைக்காடு வளர்ந்து நிற்பது அதனால்தான். ஊர்க்காரர்கள் கப்பல்துறை அருகே பெரிய மழைமானிப் பலகை ஒன்றையே நட்டு, 1949-இல் 200 அங்குலத்தைத் தாண்டிய மழையைப் பெருமையோடு குறித்து வைத்திருக்கிறார்கள். ஊரே பலகை வைத்து அறிவிக்கும் செய்தியை நீங்கள் மட்டும் 'லேசான மழைக்கு வாய்ப்புண்டு' என்று ரகசியக் கோப்பு போலப் பொத்திப் பொத்திச் சொல்வானேன்?

அதே பயணத்தில் ஸ்காக்வே வருகிறது. நீண்ட கடற்கால்வாயின் வட கோடியில், மலைகளுக்கு மறைவில் இருக்கும் ஊர். ஆண்டு மழை கெட்சிக்கனில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அங்கே குடை வேண்டியதில்லை. காற்றைத் தடுக்கும் மேற்சட்டைதான் வேண்டும். நீங்களே கூடுதல் கட்டணத்தில் ஏற்றிவிடும் வைட் பாஸ் ரயில், கடல்மட்டத்திலிருந்து கிளம்பி 873 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. துறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பவர் கணவாயில் நடுங்குவார். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது பள்ளிப்பாடம். அதைக் 'கணிக்க முடியாத வானிலை' என்ற கணக்கில் எழுதுவது நியாயமா?

கிளேசியர் பே தேசியப் பூங்கா இன்னொரு கதை. ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்குமேல் அங்கே விடுவதில்லை என்பதால், எங்கள் முறை வந்ததும் மேல்தளத்தில் இடம்பிடிக்கச் சொல்வீர்கள். பனியாற்றின் மேல் கிடக்கும் காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து கடல் வரை இறங்குகிறது. ஜூலை மாதமானாலும் அது ஓய்வதில்லை. பளீரென்று வெயில் அடிக்கும்போதே காது மடல் மரத்துப்போகும் இடம் அது. ஊட்டிக்குப் போகும்போது மட்டும் எங்கள் வீட்டில் வெளியே வரும் குரங்குக் குல்லாவுக்கு உங்கள் கப்பலில் வேலை இருக்கிற ஒரே நாளும் அதுதான். 'குல்லா இந்த ஒரு நாளைக்கு' என்று எழுதியிருந்தால், ஆளுக்கு ஒன்றோடு நிறுத்தியிருப்போம்.

ஜூனோவில் கொட்டும் மழை குறைவு, விடாத தூறல் அதிகம். ஜூலை மாதப் பகலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழேதான். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டைக் காக்காது, சீக்கிரம் காயவும் காயாது. இறகு அடைத்த தடித்த ஜாக்கெட்டும் நனைந்தால் சுருண்டுவிடும். ஆகவே வேண்டியது ஒரு பெரிய கோட்டு அல்ல. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், நடுவில் மெத்தென்ற ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத மெல்லிய மேலங்கி என மூன்று அடுக்கு. குளிர்ந்தால் ஏற்றலாம், வெயில் வந்தால் கழற்றலாம். அந்தப் பகுதிவாசிகள் குடையையே அதிகம் தேடுவதில்லை. தலைமூடி வைத்த மேலங்கியும் ரப்பர் பூட்ஸுமாக மழையில் காய்கறி வாங்கப் போகிறார்கள். இந்த நான்கு வரி உங்கள் பட்டியலில் இல்லை. நீச்சலுடை இருக்கிறது.

கடைசியாக விக்டோரியா. கனடா மண்ணில் ஒரு மாலைப்பொழுது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறையில் கிளம்பி அமெரிக்கத் துறைக்கே திரும்ப வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஜூலையில் மழையே அருகிப்போகும் அந்த ஊருக்கென்று என் பெட்டியில் ஒரு மெல்லிய சட்டை ஏறியிருக்கிறது. 1886-இல் வாக்களித்த உறுப்பினர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பெட்டி கட்டச் சொல்லி மிரட்டிய முதல் அதிகாரம் நீங்கள் அல்ல என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். 1898-இல் இதே ஸ்காக்வே வட்டாரத்திலிருந்து குளோண்டைக் தங்கத்தைத் தேடிப் போனவர்களைக் கனடாவின் வடமேற்குக் குதிரைக் காவல்படை கணவாயில் மறித்து, ஓராண்டுக்கான உணவு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது. கருவிகளையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு டன் சுமை. அன்று புழங்கிய பட்டியல்களில் மாவு மட்டுமே 400 பவுண்டு. சில்கூட் கணவாயின் பனிப் படிகளில் அவ்வளவையும் பகுதி பகுதியாக முதுகில் சுமந்து, இறங்கி, மறுபடி ஏறினார்கள். கொடுமைதான், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதில் அன்றைக்கு யாருக்கும் ஐயமில்லை. இல்லாவிட்டால் உயிர் போகும் என்ற காரணமும் இருந்தது. டை கட்டி வா என்று அந்தக் காவலர்கள் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

டை என்றதும் சம்பிரதாய இரவுக்கு வருகிறேன். ஏழு இரவில் இரண்டு இரவுச் சாப்பாட்டுக்காக ஏறும் கோட்டு, கால்சட்டை, ஷூ, பட்டுப்புடவை ஆகியவைதான் எங்கள் பெட்டியில் பாதி. மீதி ஐந்து ஊர் வானிலையும் மற்றப் பாதியில் அடங்க வேண்டும். கசங்கிய கோட்டைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தால் தீ அபாயம் என்று வாங்கி வைத்துக்கொள்வீர்கள். கடலில் தீ பொல்லாதது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேய்க்காமல் போட முடியாத உடையைக் கட்டாயமாக்கி, தேய்க்கும் கருவியைத் தடைசெய்து, சலவைப் பிரிவின் விலைப்பட்டியலை அறையில் தொங்கவிடும் நிர்வாகத்திறமை எங்கள் அரசு அலுவலகங்களுக்கே பாடமாக வைக்கத்தக்கது.

இதன் அடுத்த கட்டமும் எனக்குப் புரிகிறது. பயணிக்கு எது தேவை என்று தெளிவாகச் சொல்லாமலிருந்தால், அவர் தேவையற்றதையெல்லாம் அடைத்து, தேவையானதை வீட்டில் விட்டுவிட்டு வருவார். பனியாற்றுக்கு முந்தைய இரவு, கப்பல் பெயர் தைத்த ஃபிளீஸ் ஜாக்கெட் கடைவாசலில் வந்து தொங்கும். அப்போது யாரும் 'வானிலையைக் கணிக்க முடியாது' என்று சொல்லமாட்டீர்கள். நாளைக்குக் குளிரும் என்று கடைக்குத் தெரியும். உங்கள் ஆலோசனைப் பிரிவுக்கு மட்டும் தெரியாது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் கோருகிறேன்:

1. 'எல்லாவற்றுக்கும்' என்ற சொல்லை நீக்கி, ஊர்வாரியாக ஒரு வரி எழுதவும். கெட்சிக்கன்: மழை. ஸ்காக்வே: காற்று. பனியாறு: குளிர். ஜூனோ: தூறல். விக்டோரியா: இதம்.

2. ஜூன் மாதத்தில் ஜூனோவில் 18 மணி நேரத்துக்கும் மேல் பகல் என்பதால், உறங்கும்போது கண்ணை மறைக்கும் பட்டையைப் பட்டியலில் சேர்க்கவும். வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகத் திறந்த கடலில் போகும் நாளுக்கு இஞ்சி மரப்பாவைப் பரிந்துரைக்கவும்.

3. சம்பிரதாய இரவை விருப்பமுள்ளோருக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும். இயலாதெனில் இஸ்திரி இலவசம் என அறிவிக்கவும்.

பதில் வரத் தாமதமானால், அந்த இரண்டு இரவும் வேட்டியில் வருவதாக உத்தேசம். மடித்தால் ஒரு துண்டளவு இடம்தான். நனைந்தால் அறைக்கொடியில் காயும். தமிழ்நாட்டில் வேட்டி கட்டியவரை மன்றங்களும் பொது இடங்களும் வாசலில் நிறுத்தக்கூடாதென்று 2014-இல் சட்டமே வந்திருக்கிறது. உங்கள் உணவுக்கூடம் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே மிதக்கிறது என்பதை அறிவேன். இருப்பினும் முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜன்னல் இல்லாத அறைப் பயணி.

நகல்: மேலாளர், கப்பல் துணிக்கடை – ஃபிளீஸ் இருப்பைக் குறைத்துக்கொள்ளும்பொருட்டு.