ஒரே தரம், வேறு விலை

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் இலங்கைத் தீவிலே புழங்கவிட்ட செப்புத் துட்டுகளில் இரண்டு, ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வகுத்த 70 படி நாணயத் தர அளவையில் ஒரே புள்ளி பெற்று ஏலத்துக்கு வருமாயின், இரண்டும் ஒரே விலைக்குப் போகும் என்று நம்புகிறவர், கோயில் திருவிழாவிலே மாம்பழம் ஏலம் போவதைக் கண்டறியாத பாக்கியசாலி. ஒன்றிலே செம்பின் செம்மை சற்று எஞ்சியிருக்கும். மற்றது வாவிக்கரை உப்புக்காற்றிலே கறுத்திருக்கும். பிரபல சேகரிப்பாளர் ஒருவரின் பேழையில் உறங்கிய துட்டுக்கு, உறங்கியதற்கே தனி விலை. புள்ளி போடும் பண்டிதருக்கு இவை அற்ப விஷயம். பணம் போடுகிறவருக்கோ சர்வமும் இவையே. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஜன்மப் பகை கொண்ட கனவான்கள் இருவர் சபையிலே எதிரெதிரே அமர்ந்துவிட்டால் விலை விண்ணைத் தொடும். அவர்களுள் ஒருவர் அன்று காய்ச்சலாய்ப் படுத்துவிட்டாலோ, அதே துட்டு அடிமாட்டு விலைக்குப் போக, மறுநாள் தரகர்கள் சந்தை மந்தமென்று சாஸ்திரோக்தமாய்க் காரணம் கற்பிப்பார்கள்.