கையெழுத்துத் தாள் தனியாகக் கிடைக்கும்

விழுப்புரத்தில் ஒரு சரக்கை விற்கத் தொடங்குமுன், அது என்ன சரக்கு என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் யாராவது என் மாமனாரிடம் "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டால் அவர் சற்று நேரம் அப்பளத்தையே பார்ப்பார். பிறகு "ஆன்லைன்ல மெட்டீரியல் சப்ளை" என்பார். கேட்டவர் எனக்கு வானூர் பக்கம் கல் குவாரி இருப்பதாக முடிவு செய்துகொள்வார். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் இருக்கிற மரியாதையில் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விழும். நானும் மறுப்பதில்லை.

நான் விற்பது பயிற்சி மெட்டீரியல். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, மூட்டையை எப்படித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது, உணவுப் பொருள் தொடுகிறவர்கள் எப்படிக் கை கழுவுவது, பெண் ஊழியர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று வேலையிடத்தில் சொல்லித்தர வேண்டிய விஷயங்களைப் போஸ்டராகவும் பிபிடியாகவும் கையேடாகவும் போட்டு, இணையத்தில் விலைக்கு வைத்திருக்கிறேன். தலைமை அலுவலகம் எங்கள் வீட்டு மாடி அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மிஷின், பாதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்ட அட்டைப்பெட்டிகள். பெரிய அச்சு வேலை சிவகாசியிலிருந்து வரும். திண்டிவனம் கிளை என்பது என் மைத்துனனும் அவனுடைய பைக்கும். சிப்காட் பக்கம் வருகிற ஆர்டர்களை அவன் பார்த்துக்கொள்கிறான். மழை பெய்தால் கிளைக்கு விடுமுறை.

வெப்சைட்டில் போன் நம்பர் போட்ட நாளிலிருந்து வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி ஒரே ரகம். "சார், குரூப் 4 மெட்டீரியல் இருக்குங்களா?" இல்லை என்றால், "அப்ப குரூப் 2?" தமிழ்நாட்டில் 'மெட்டீரியல்' என்ற சொல்லுக்கு டிஎன்பிஎஸ்சி பட்டா வாங்கி வைத்திருக்கிறது. பொறுமையான ஒரு தம்பியிடம், எங்களிடம் தீயின் வகைகள் பற்றி நல்ல பாடம் இருக்கிறது, விறகில் பிடிப்பது ஏ, எண்ணெயில் பிடிப்பது பி என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது சிலபஸ்ல வருதுங்களா?" என்றான். வராது என்றதும் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

இந்த வியாபாரத்துக்கும் ஆடி, தை உண்டு. தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. அதனால் வருஷா வருஷம் அன்று தேசியப் பாதுகாப்பு தினம், தொடர்ந்து ஒரு வாரம் போட்டி, பரிசு, உறுதிமொழி. இத்தனை வருஷமாகத் தேதி மாறவில்லை. ஆனாலும் மார்ச் 3 சாயங்காலம் போன் வரும். "சார், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உறுதிமொழி எடுக்கணும், பேனர் எங்க இருக்கு?" பேனர் சிவகாசியில் வெள்ளைத் துணியாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இன்னும் ஆர்டரே போடவில்லை என்று சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் தெய்வம்.

அடுத்தது ஏப்ரல் 14. 1944-இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒன்றாக ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் அங்கேயே மடிந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் தீத்தொண்டு நாள். நம் ஊரில் அன்றுதான் சித்திரை பிறக்கிறது, ஆலைக்கு லீவு. ஆகவே எல்லோரும் 15-ஆம் தேதிக்குக் கேட்பார்கள். கூரியர்காரர்களும் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுத் தூங்கிய மறுநாள் அது.

இவை தவிர, எந்த மாதத்திலும் வரக்கூடிய திடீர்ப் பண்டிகை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆடிட்.

ஆடிட் ஆர்டரைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடலாம். மேனேஜர் மெதுவாகப் பேசுவார். "என்னென்ன போஸ்டர் இருக்கோ அத்தனையும் ஒண்ணு ஒண்ணு குடுத்துடுங்க" என்பார். எந்தத் தொழில், எத்தனை பேர் என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அப்படி ஒரு அரிசி ஆலைக்கு நானே கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே சுவரில் தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் கழுத்தில் நகைக்கடை காலண்டர். பக்கத்தில் நாங்கள் முன்பு விற்ற போஸ்டர்: 'இந்த இடத்தில் பொருட்களை அடுக்காதீர்கள்.' அதில் கடைசிச் சொல் மட்டும் தெரிந்தது. மீதியை நெல் மூட்டைகள் மறைத்திருந்தன.

முதலுதவிப் பெட்டியையும் பார்த்தேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், அதில் விதித்த பொருட்களைத் தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது என்று கறாராக எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்திலேயே யாரோ நம் ஆட்களை நன்றாகப் படித்திருக்கிறார்கள். திறந்தபோது மேல்மலையனூர் குங்குமம், கொஞ்சம் சில்லறை, ஒரு செல்போன் சார்ஜர், யாருடைய மூக்குக் கண்ணாடியோ, அடியில் காலாவதியான பிளாஸ்திரி ஒன்று. "சாமான் எல்லாம் வாங்கணும் சார்" என்றார் சூப்பர்வைசர். "பெட்டி மேல ஒட்டுற ஸ்டிக்கர் மட்டும் இப்ப குடுத்துட்டுப் போங்க."

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு ஒன்று கட்டாயம். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த ஆணையையும், தப்பு செய்தால் என்ன தண்டனை என்பதையும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொல்லித்தான் போஸ்டர் விற்கிறேன். ஒரு முதலாளி அபராதத் தொகையைக் கேட்டதும் உடனே வாங்கினார். மறுமுறை போனபோது எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தன் ஏசி அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, அவர் மட்டும் பார்க்கிற மாதிரி. "வெளிய மாட்டினா லேடீஸ் எல்லாம் படிப்பாங்களே சார்" என்றார். அவர்கள் படிக்கத்தான் அந்த போஸ்டர் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் யோசிக்க அவகாசம் கேட்டார். அவருக்காகவே அதை மிகப் பெரிதாக்கி இன்னொரு பிரதி இலவசமாக அனுப்பினேன். ஏசி அறைக் கதவுக்குள் அது நுழையாது.

இணைய வியாபாரத்தின் தனித் துன்பம் வாட்ஸ்அப். ஒருவர் 199 ரூபாய்க்கு ஒரு பிடிஎஃப் வாங்குவார். பத்து நிமிஷத்தில் அது அவர் சங்கத்து குரூப்புக்குப் போகும், அங்கிருந்து மாவட்டம் முழுக்கப் போகும். சில நாட்கள் கழித்து என் நம்பருக்கே வரும், ஓரத்திலிருந்த என் பெயர் அழகாக வெட்டப்பட்டு. கூடவே ஒரு கேள்வி: "இதே மாதிரி கம்மி ரேட்ல போட்டுத் தருவீங்களா?"

வரி இன்னொரு வேடிக்கை. 2017 ஜூலை வரை எங்கள் பக்கம் ஜிஎஸ்டி என்றால் ரோடு, சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் தாண்டிப் போகிற ரோடு. அதற்கப்புறம்தான் அந்தப் பெயரில் வேறொன்று வந்தது. கையேட்டைப் புத்தகமாக அச்சடித்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. அதே கையேட்டைப் பிடிஎஃப்பாக விற்றால் உண்டு. கனம் குறையக் குறைய வரி கூடுகிற ஒரே பண்டம் இதுவாகத்தான் இருக்கும்.

காகிதத்துக்கு வரி இல்லாவிட்டாலும் வேறு எதிரிகள் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. அன்றைக்குத் திண்டிவனம் கிளையின் இருப்பில் 'வெள்ளக் காலத்தில் செய்ய வேண்டியவை' என்ற கையேடுகள் கட்டுக்கட்டாக இருந்தன, தரையில். மைத்துனன் போனில், "மாமா, நம்ம புக்குல முதல் பாயின்ட்டே 'முக்கிய ஆவணங்களை உயரத்தில் வையுங்கள்'னு இருக்கு" என்றான். படித்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன்.

சட்டம் மாறினால் அது தனிப் புயல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் சுருக்கம்தான் எங்கள் பழைய போஸ்டர்களின் மூலதனம். ஆலைக்குள் கண்ட இடத்தில் எச்சில் துப்பினால் ஐந்து ரூபாய் வரை அபராதம் என்று அதில் ஒரு வரி இருந்தது. 1948-இல் ஐந்து ரூபாய்க்கு ஆள் வாயை மூடியிருப்பான். இப்போது சிலர் பத்து ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு முறை துப்பத் தயார். 2019-இலும் 2020-இலுமாக நாடாளுமன்றம் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கியது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி 2025 நவம்பர் 21-இல்தான் அவை அமலுக்கு வந்தன. அதுவரை ஒவ்வொரு வருஷமும் சிவகாசி அச்சகத்தாரிடம், "கொஞ்சமாப் போடுங்க, சட்டம் மாறப்போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாறிய வாரமே ஒரு போன். "பழைய சட்டத்து போஸ்டர் மிச்சம் இருந்தா பாதி ரேட்டுக்குக் குடுங்க. எங்க செவுத்துல ஈரம், எப்படியும் ஒரு வருஷத்துல உரிஞ்சுடும்."

வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் 2024-இல் மினி டைடல் பூங்கா திறந்தபோது, கணினிக்காரர்களுக்கென்று மென்திறன் பாடங்களும் தயாரித்து வைத்தேன். முதல் ஆர்டர் சென்னையிலிருந்து வந்தது. பாடத்தின் தலைப்பு 'மன அழுத்தமின்றி வேலை செய்வது எப்படி'. ராத்திரி பத்து மணிக்குக் கேட்டு, பன்னிரண்டுக்குள் வேண்டும் என்று இருபது முறை போன் செய்தார்கள்.

இப்போதைய போட்டியாளர் ஏஐ. சிப்காட்டில் ஓர் உணவுப் பொருள் ஆலையின் எச்.ஆர். தம்பி, "இதெல்லாம் நாங்களே ஒரு நிமிஷத்துல போட்டுக்குறோம் அண்ணே, நீங்க லேமினேஷன் மட்டும் பண்ணிக் குடுங்க" என்று ஒரு படத்தை அனுப்பினான். கை கழுவும் முறை. பளபளவென்று இருந்தது. மைத்துனன் லேமினேட் செய்து கொண்டுபோய்க் குழாய்க்கு மேலே ஒட்டினான். பாக்கிங் பகுதியிலிருந்து வந்த ஒரு அம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இவனுக்கு ஆறு விரலு. அதுல மோதிரம் வேற. எங்களை மோதிரம் கழட்டச் சொல்றீங்க?" என்று கேட்டாராம். எண்ணிப் பார்த்தால் ஆறுதான். கைப் பாதுகாப்பு போஸ்டருக்கு அது பொருத்தம்தான், ஒன்று போனாலும் ஐந்து மிஞ்சும் என்று எச்.ஆர். தம்பிக்கு ஆறுதல் சொன்னேன். என் கணக்கில் அந்த ஆலையின் சிறந்த பயிற்சியாளர் அந்த அம்மாதான். அவருக்குக் கூலி நாள் கணக்கில்.

அதற்குப் பிறகு நாங்களே எழுத்து இல்லாத படம் ஒன்று வரைந்து போட்டோம். போஸ்டரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழி இருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. பகல் ஷிஃப்டில் பெரும்பாலோர் தமிழ், ராத்திரி ஷிஃப்டில் ஒடியாவும் இந்தியும் என்றால், மாலை ஆறு மணிக்குச் சுவரைத் திருப்பி வைக்கவா முடியும்? படம் எல்லா ஷிஃப்டிலும் பேசியது. எங்கள் சரக்கில் உருப்படியாக வேலை செய்கிறது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். விற்பனையில் அது கடைசி.

விற்பனையில் முதலிடம் எது தெரியுமா? பயிற்சி வருகைப் பதிவுத் தாள். தலைப்பு, தேதி, பயிற்சியாளர் பெயர், டோக்கன் எண், கையெழுத்து என்று கட்டம் போட்ட வெறும் தாள். பிபிடி வாங்காதவர்கள் வாங்குகிறார்கள். போஸ்டர் வாங்காதவர்கள் வாங்குகிறார்கள். பயிற்சியே நடத்தாதவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். ஆடிட்டர் பாடத்தைக் கேட்பதில்லை, தாளைத்தான் கேட்கிறார். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய ஐம்பது ஸ்லைடுக்கு இல்லாத மதிப்பு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்தத் தாளுக்கு இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் இன்னும் ஒரு படி மேலே போய், "தாள் நல்லா இருக்கு சார். கையெழுத்தோடயே வருமா?" என்று கேட்டார்.

ஆகவே வாடிக்கையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மார்ச் 4-க்கு வேண்டிய பேனரை பிப்ரவரியிலேயே சொல்லிவிடுங்கள், வண்ணத்தில் போட்டுத் தருகிறோம். ஜிபே வசதி உண்டு. திண்டிவனம், விழுப்புரம் ஊருக்குள் டெலிவரி இலவசம், மழை இல்லாவிட்டால். கையெழுத்தை மட்டும் உங்கள் ஆட்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் அவர்களிடம் பேசினால் இன்னும் நல்லது.