ஸ்காட்லாந்துக் கடிதம்: பதினாறு ஆம்பியர் குடித்தனம்

மோட்டார்ஹோம் என்பது வேனின் முதுகில் ஏற்றிய குடித்தனம். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் ஆறேழு மீட்டர் நீளத்துக்குள் அடக்கம். கோடையில் அதை ஓட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் சாதாரண மனிதர்கள். ஜனவரியில் போகிறவர்கள் வேறு ரகம்; இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் அந்த ரகம் உண்டு. ஊட்டியில் புல்லின்மேல் உறைபனி படிந்தாலே மறுநாள் பத்திரிகையில் படம் வரும். கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியில் அதைப் படம் எடுக்க யாரும் வெளியே வருவதில்லை. அங்குள்ள பிரேமார் என்ற ஊரில் 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அளந்த குளிரிலேயே அதுதான் அதிகம். 1995-இல் வடக்கே அல்ட்னஹாராவும் அந்தக் கணக்கைத் தொட்டது. வழக்கமான குளிர்கால இரவு அவ்வளவு கொடுமை இல்லை. பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம், மோசமானால் மைனஸ் ஐந்து. ஆனால் வண்டிச் சுவரின் கனம் மூன்று சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால் மங்கி குல்லாவின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

சூடு வருகிற வழி மின்சாரம். கேம்ப்சைட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு கம்பம் நிற்கும். அதில் நீல நிற மூன்று முள் சாக்கெட். அதிலிருந்து ஆரஞ்சு நிறக் கேபிள் 25 மீட்டர் வரை நீண்டு வண்டிக்குள் போகும். இதற்குப் பெயர் ஹூக்-அப். பிரிட்டனில் பெரும்பாலும் 16 ஆம்பியர் கிடைக்கும், சில இடங்களில் 10. ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டிப் போனால் 6 ஆம்பியரே பெரிய மனசு என்று நினைக்கும் கேம்ப்சைட்டுகளும் உண்டு. 230 வோல்ட்டால் பெருக்கினால் 16 ஆம்பியர் 3,680 வாட், 10 ஆம்பியர் 2,300 வாட், 6 ஆம்பியர் 1,380 வாட். இதற்குள்தான் ஹீட்டர், கெட்டில், ஃப்ரிட்ஜ், பாட்டரி சார்ஜர், மிக்ஸி எல்லாம் வாழ்ந்தாக வேண்டும். அந்தக் காலத்து ரேஷன் கார்டைப் போல, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் கம்பத்துக்குத் தேவையில்லாத விஷயம். எழுதிய அளவுதான் கிடைக்கும்.

சூட்டுக்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுவிடலாம். ஆறரை மீட்டர் நீள வண்டியில் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 65 சதுர மீட்டர் பரப்பு. நல்ல குளிர்கால வண்டியில், ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட் சூடு கசியும் என்று வைத்துக்கொண்டால், வெளியே பூஜ்யம், உள்ளே 20 டிகிரி என்ற நிலையில் 1,560 வாட் போய்க்கொண்டே இருக்கும். காற்றோட்டத்தில் போவது தனி. வெளியே மைனஸ் 15 என்றால் கசிவு 2,700 வாட்டைத் தாண்டிவிடும். ஐரோப்பியத் தர விதியில் மூன்றாம் கிரேடு என்று ஒன்று உண்டு. வெளியே மைனஸ் 15 இருக்கும்போது அதே குளிரில் கிடந்த வண்டியை நான்கு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவர முடிந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். கணக்கைப் பார்த்தாலே தெரியும்: பூஜ்யம் வரைக்கும் மின்சாரம் மட்டும் தாங்கும், அதற்குக் கீழே திணறும்.

வண்டியோடு பொருத்தி வரும் ஹீட்டர்களும் இதை ஒப்புக்கொண்டே செய்யப்பட்டவை. ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்தின் காம்பி ஹீட்டர், மின்சாரத்தில் 900 அல்லது 1,800 வாட் மட்டுமே தரும். காஸில் அதன் பெரிய மாடல் 6,000 வாட் தரும். இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம். ஸ்வீடனின் ஆல்டே வேறு வழி. கிளைகால் கலந்த வெந்நீரை வண்டியின் ஓரமெல்லாம் குழாயில் சுற்றவிடும். மின்சாரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று கிலோவாட் என்று படிகள். ட்ரூமா சூடான காற்றை ஊதுவதால் சீக்கிரம் கதகதப்பாகும், நிறுத்தினால் சீக்கிரமே குளிரும். ஆல்டே நிதானம், சூடேற நேரம் எடுத்தாலும் ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் காக்கும். இட்லி மாவு புளிக்க வைப்பவர்களுக்கு ட்ரூமாவின் காற்றுவாய் உள்ள அலமாரி ஒரு வரப்பிரசாதம். அந்தக் கணக்கில் மட்டும் ஜெர்மனி ஸ்வீடனை ஜெயித்துவிட்டது.

கடையில் வாங்கிவந்து தரையில் வைக்கும் ஹீட்டர்களைப் பற்றி விளம்பரங்கள் நிறையச் சொல்லும். செராமிக், எண்ணெய் நிரப்பியது, ஃபேன் வைத்தது என்று எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான். இயற்பியலில் தள்ளுபடி விற்பனை கிடையாது. வித்தியாசம் நடத்தையில் இருக்கிறது. ஃபேன் ஹீட்டர் இரைச்சல் போட்டு உடனே சுடும். எண்ணெய் ரேடியேட்டர் சத்தம் போடாது, ஆனால் எடை அதிகம், இடத்தை அடைக்கும். ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு தரக்கூடியது கூரையில் இருக்கும் ஏசியைத் திருப்பி ஓட்டும் ஹீட் பம்ப் மட்டுமே. வெளியே பூஜ்யத்தை நெருங்கும்போது அதுவும் கையை விரித்துவிடும். அதாவது தேவைப்படும் நாளில் லீவு. எந்த ஹீட்டரானாலும் திரைச்சீலைக்கும் ஈரத்துணிக்கும் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும், ஆள் இல்லாத வண்டியில் ஓடவிடக் கூடாது. காயப்போட்ட சாக்ஸ் விழுவதற்கு இரண்டடி தூரம்கூட இல்லாத வீடு இது.

ஆம்பியர் பங்கீட்டில்தான் குடும்பத்தின் குணம் தெரியும். பிரிட்டிஷ் வீட்டுக் கெட்டில் மூன்று கிலோவாட் இழுக்கும், அதாவது 13 ஆம்பியர். 10 ஆம்பியர் கம்பத்தில் அதைத் தனியாகப் போட்டாலே தகராறு. ஹீட்டரும் கூட ஓடினால் உடனே டிரிப். அதனால்தான் கேரவன் கடைகளில் 750 வாட், 1,000 வாட் என்று சாதுவான கெட்டில்கள் விற்கின்றன. அதில் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருப்பது காபிக்குத் துடிக்கும் கும்பகோணத்துக்காரருக்குத் தனி விரதம். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். மிக்ஸி 750 வாட் என்றாலும் சட்னி அரைக்கும் இரண்டு நிமிஷத்தோடு அதன் கோரிக்கை முடிந்துவிடும். தலைக்குக் குளித்துவிட்டு ஹேர் டிரையர் எடுப்பவர்தான் உண்மையான ஆபத்து.

டிரிப் ஆகும் முறையிலும் ஒரு விஷமம் உண்டு. சர்க்யூட் பிரேக்கர், அளவை மிக அதிகமாகத் தாண்டினால் உடனே விழும். கொஞ்சம் தாண்டினால் பொறுத்துப் பார்க்கும். 16 ஆம்பியரில் 20 இழுத்தால் அரை மணி, முக்கால் மணி கழித்துக்கூட விழலாம். யார் செய்த தவறு என்று கண்டுபிடிக்க முடியாத நேரத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு கரண்ட் போகும். வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் விழுந்தால் எழுந்து தட்டிவிடலாம். கம்பத்தில் இருப்பது விழுந்தால் மழையில் இறங்கிப் போக வேண்டும்; சில இடங்களில் அந்தப் பெட்டிக்குப் பூட்டு, சாவி வார்டனிடம், வார்டன் தூக்கத்தில்.

கரண்ட் இருந்தாலும் முழுசாக வரும் என்று நிச்சயமில்லை. சாயங்காலம் எல்லா வண்டியும் ஹீட்டர் போடும்போது வரிசையின் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் இறங்கும். இதில் தமிழர்களுக்குப் புதுமை ஒன்றும் இல்லை. ஸ்டெபிலைசர் இல்லாமல் டி.வி. போடாத தலைமுறை அது. ஹீட்டரின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 230 வோல்ட் 210 ஆனாலே 2,000 வாட் ஹீட்டர் 1,670-க்கு இறங்கிவிடும். கேபிளும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 25 மீட்டரில், 16 ஆம்பியர் ஓடும்போது 90 வாட்டுக்கு மேல் கேபிளிலேயே சூடாகப் போகிறது. புல்லில் நீட்டிக் கிடந்தால் பாதகமில்லை. மிச்சக் கேபிளை அழகாகச் சுருட்டி டிரம்மிலேயே விட்டால் அத்தனை சூடும் ஒரே இடத்தில் சேர்ந்து உறை உருகும். ஒழுங்காக அடுக்கி வைக்கும் பழக்கம் ஆபத்தில் முடிகிற அரிய இடம் இது. கேபிள் முழுவதையும் அவிழ்த்துத் தாறுமாறாகப் போட்டுவைப்பதே சரியான முறை.

ஹூக்-அப் இல்லாத இடத்தில் பாட்டரியை வைத்து ஹீட்டர் ஓட்டலாமே என்ற யோசனை புதிதாக வண்டி வாங்கிய எல்லோருக்கும் வரும். 100 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பாட்டரியில் இருப்பது 1,200 வாட்-அவர். ஈய-அமில பாட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு அது 36 நிமிஷம் வரும். லித்தியம் ஆனாலும் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். காட்டில் தங்குவோர் டீசல் அல்லது காஸை நம்புவதற்கு இந்தக் கணக்கே காரணம். காஸிலும் குளிர்காலத்துக்கு ப்ரொப்பேன்தான். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ப்ரொப்பேன் மைனஸ் 42 வரை உழைக்கும்.

அனுபவசாலிகள் வந்து சேர்ந்ததும் காஸையும் மின்சாரத்தையும் சேர்த்து முழு வேகத்தில் விடுவார்கள். காற்றைச் சூடாக்கினால் மட்டும் போதாது. மெத்தை, மரச்சாமான், அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் வரை எல்லாமே குளிரைக் குடித்திருக்கும். அவை சூடேறிய பிறகு மின்சாரத்தை மட்டும் விட்டு அந்த நிலையைக் காப்பது சுலபம். பகலில் வெளியே போகும்போது முழுக்க அணைத்துவிட்டுப் போவது சிக்கனம் போலத் தோன்றும். திரும்பி வந்து இரண்டு மணி நேரம் கோட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் மறுநாள் தெர்மோஸ்டாட்டை 12 டிகிரியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

சூட்டை உண்டாக்குவதைவிடப் பிடித்துவைப்பதில்தான் லாபம் அதிகம். வண்டியின் பெரிய ஓட்டை டிரைவர் இருக்கும் முன்பகுதி. பின்னால் இருக்கும் ஜன்னல்கள் இரட்டை அக்ரிலிக். முன் கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளும் ஒற்றை. இரண்டரை சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக 20 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 300 வாட் வெளியே போகும். வெளிப்புறமாகப் போர்த்தும் வெள்ளித்திரை அதில் பெரும்பகுதியை நிறுத்தும், கண்ணாடியில் ஈரம் கோப்பதையும் தடுக்கும். உள்பக்கம் ஒட்டும் திரை மாட்டுவதற்கு எளிது, ஆனால் அதன் பின்னால் கண்ணாடி வியர்த்து வழியும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கனமான திரை ஒன்றைத் தொங்கவிடலாம். பழைய ஜமக்காளம் இருந்தால் தரைக்கு அதைவிட நல்ல விரிப்பு வேண்டாம்.

ஈரம் இன்னொரு எதிரி. தூங்கும் நான்கு பேர் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விடுவார்கள். அதோடு இட்லிக் குண்டானும் ரசமும் சேர்ந்தால் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து பூஞ்சை பிடிக்கும். மின்சார ஹீட்டர் தண்ணீர் விடாது என்பது அதன் பெரிய நற்குணம். காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது இதற்கு நேர் எதிர்: ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி, கூடவே கார்பன் மோனாக்ஸைடு விஷமும் வரலாம். அது உயிரைப் பறிக்கும் வேலை என்பதால், அதில் நகைச்சுவைக்கு இடமில்லை. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். தரையிலும் கூரையிலும் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைப்பதும் கூடாது. கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, தரைத் துளை வழியாகத்தான் வெளியேறும். அதே துளைகள் வழியாகக் கடுகு தாளிக்கும் வாசனையும் பக்கத்து வண்டிகளுக்குப் போகும். புகை அலாரம் முதலில் கூவும். பின்னால் அண்டை வீட்டார் விசாரிக்க வருவார்கள், பெரும்பாலும் பசியோடு.

டீஹ்யூமிடிஃபயர் வைப்பது வீண் செலவில்லை. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகவே திரும்பி வருகிறது. அதற்கு மேல், ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது 0.68 யூனிட் சூடு இலவசம்.

தூங்கும்போது வண்டி முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை, மனிதர்களைச் சூடாக வைத்தால் போதும். மெத்தையின் மேல், படுக்கை விரிப்புக்கு அடியில் போடும் மின்போர்வை 60 முதல் 100 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் முதல் நாள், கரண்ட் ஓடும் படுக்கையில் படுக்க மாட்டோம் என்பார்கள். இரண்டாம் நாள் காலையில் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது தண்ணீர். உறைந்தால் குழாய் வெடிக்கும் என்பதால் ட்ரூமா பாய்லரில் ஒரு தானியங்கி வால்வு உண்டு. அதைச் சுற்றி 3 டிகிரிக்குக் குறைந்ததும் அது திறந்து பாய்லர் தண்ணீர் முழுவதையும் வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். 7 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை அதை மூடவும் முடியாது. ராத்திரி ஹீட்டரை அணைத்துச் சிக்கனம் பிடித்தவர்கள் காலையில் பல் விளக்கப் போகும்போது இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வார்கள். கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் வண்டிக்கு வெளியே தொங்குவதால் அது முதலில் உறையும். அதன் குழாயைத் திறந்து அடியில் பக்கெட் வைத்துவிட்டால், உறைந்தாலும் பக்கெட்டோடு போகும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவைக்கும் மாதங்களில் எல்லாத் தண்ணீரையும் வடித்து, குழாய்களைத் திறந்தபடி விட்டு, மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும், உள்ளே மாவுப் பாத்திரம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு.