ரூபாய் புழங்கிய அரபுத் துறைமுகம்

கேள்வி: ஏடனைப் பம்பாயிலிருந்து ஆண்டார்களாமே?

பதில்: உண்மையே. 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றிய ஏடன், நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறையாக வளர்ந்து, 1932 வரை பம்பாய் மாகாணத்தின் கீழ் இருந்ததால், அதன் கடைத்தெருவில் இந்திய ரூபாயே புழங்கியது. எரிமலை வாய்க்குள் அமைந்த பழைய நகரில் மழை தூரத்து உறவினர்போல் எப்போதாவது தலைகாட்டிப் போனதால், கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீரையும் விலைக்கு வாங்க நேர்ந்தது. கப்பல் நகர்வதும் மனிதன் தாகம் தீர்வதும் நெருப்பின் தயவாயின. முதல் ‘பொலிட்டிகல் ஏஜெண்ட்’, அதாவது கம்பெனியின் அரசியல் பிரதிநிதி, கேப்டன் ஹெய்ன்ஸ், ஊரைப் பிடித்துக் கொடுத்தும், கணக்கில் துண்டு விழுந்ததால் பம்பாய்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1860-இல் விடுதலையான சில நாட்களிலேயே இறந்தார்.