கூட்டா, பொரியலா? கூடத்துச் சொல்லாட்டத்தில் ஒற்றர் அகப்படும் முறை குறித்த ஓர் ஆய்வு

அவையடக்கம்

அரசு நடத்த ஒற்றர் வேண்டும் என்று வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே (59) வைத்தார். மனத்தில் உள்ளதை முகத்தில் படிக்கும் கலைக்கோ இரண்டு வைத்தார்: குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பு 71ஆம் அதிகாரமாகப் பொருட்பாலிலும், 110ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலிலும் நிற்கிறது. பொங்கல் விடுமுறைக்கு வந்து, சாப்பிட்டு, டிவி ரிமோட்டுக்கான சண்டையும் ஓய்ந்தபின் கூடத்தில் வட்டமாக உட்காரும் உறவினர்களுக்கு மூன்றாவதாக ஒன்று வைக்காமல் போனார். அந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கான தகுதி இவ்வாய்வாளருக்கு உண்டா என்று கேட்போருக்கு: எங்கள் வீட்டில் சீட்டு எழுதுவது இவரே.

ஆட்டத்தின் இலக்கணம்

ஆறேழு பேர் வேண்டும். எல்லோருக்கும் ஒரே சொல் எழுதிய சீட்டு. ஒருவருக்கு மட்டும் அதை ஒட்டிய வேறு சொல். இவரை இனி வேற்றுச்சீட்டார் என்போம். ஒவ்வொருவரும் தம் சொல்லைப் பற்றி ஒரே ஒரு க்ளூ சொல்ல வேண்டும். சொல்லையே சொல்லிவிடக் கூடாது. சுற்று முடிந்ததும் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவர் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வார். இருவர் மிஞ்சும்வரை தப்பித்தால் வேற்றுச்சீட்டாருக்கு வெற்றி.

இதன் வம்சாவளியைப் பார்க்க வேண்டும். நம் தெருக்களில் ஆடப்படும் ராஜா ராணி போலீஸ் திருடனில் திருடனுக்குத் தான் திருடன் என்று தெரியும். ஆனால் அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, முகத்தை மட்டும் காத்துக்கொண்டால் போதும். 1986 வாக்கில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி தவீதோவ் மாஃபியா என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதில் குற்றவாளி வாதாடவும் வேண்டும். 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதே ஆட்டத்துக்கு ஓநாய் மனிதன் வேடம் கட்டினார். 2014இல் வந்த ஸ்பைஃபாலில் ஒற்றனுக்குத் தான் ஒற்றன் என்று தெரியும். மற்றவர்கள் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. நம் சொல்லாட்டம் இவை அனைத்தையும் தாண்டியது. இதில் ஒற்றனுக்குத் தான் ஒற்றன் என்பதே தெரியாது.

ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்பது 589ஆம் குறளின் கருத்து. ஒற்றனையே ஒற்றன் அறியாதபடி ஆளலாம் என்பது வள்ளுவரும் எண்ணிப் பாராதது. மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றும் அக்குறள் சொல்கிறது. நம் கூடத்தில் மூவர் சொல் ஒத்தால், அவர்கள் ஒரே காரில் வந்தவர்கள் என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

ஆகவே, முதல் சுற்றில் முகக்குறிப்பு பார்ப்பது வீண். அப்போது எல்லோரும் உத்தமர்கள். வேற்றுச்சீட்டாரும் உண்மையைத்தான் சொல்கிறார். பிறர் க்ளூக்கள் தம் சீட்டோடு ஒட்டவில்லை என்று அவருக்கு உறைக்கும் கணம் ஒன்று வரும். நேர்மையான மனிதர் பொய்யராக மாறும் அந்தக் கணம் பெரும்பாலும் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவதில் வெளிப்படும். ஆனால் எங்கள் பெரியப்பா போன்றவர்கள் எப்போதுமே சொம்போடு உட்காருவதால் இவ்விதி எல்லோருக்கும் பொருந்தாது.

க்ளூவின் கெட்டித்தன்மை

பொய் சொல்லத் தெரிந்தவர்தான் இதில் வெல்வார் என்பது பாமரக் கருத்து. உண்மையை எவ்வளவு நீர்க்க வைத்துச் சொல்வது என்பதே இங்கே வித்தை. காப்பி சீட்டு வைத்திருக்கும் அத்தை, தாம் குற்றமற்றவர் என்று காட்டும் அவசரத்தில், “டபரா” என்கிறார். தீர்ந்தது. டீ சீட்டு வைத்திருக்கும் மாமாவுக்கு இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன: தாம் யார், மற்றவர்கள் கையில் என்ன. தம் முறை வந்ததும் “ஃபில்டர்” என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொள்வார். மறுகோடியில் பெரியப்பா. எந்தச் சொல் வந்தாலும் அவர் க்ளூ “நல்லா இருக்கும்” என்பதே. ஜமுக்காளத்துக்கும் அதையே சொன்னார். அவரை வெளியேற்றலாம், ஆனால் அவர் வெளியேறினால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வெளிவந்து 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு புகுந்த அமங் அஸ் ஆட்டத்தில் தேறிய பொடியன்கள் மட்டுமே, “பெரியப்பா, நீங்க சஸ்” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு பெற்றவர்கள்.

சூத்திரதாரியின் சொல்லிணைத் தேர்வு

ஆட்டம் நடத்துபவரைச் சூத்திரதாரி என்போம். அவர் செய்யும் மற்ற வேலைகள் சில்லறை வேலைகள். மை மறுபுறம் தெரியாத தாளில் எழுத வேண்டும். தாத்தாவுக்குப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவர் கண்ணாடி கேட்டு, சீட்டைத் தூரத்தில் பிடித்து, சத்தமாகப் படித்துவிடுவார். சொல்லை வாட்ஸ்அப்பில் தனித்தனியே அனுப்பும் நவீனர்கள் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடாமல் இருந்தால் சரி.

அவருடைய உண்மையான புலமை சொல்லிணையில்தான் இருக்கிறது. நல்ல இணைக்கு இலக்கணம் இது: இரண்டுக்கும் பொருந்தும் உண்மைகள் நாலைந்து இருக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் பொருந்துவது ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். தீபாவளியும் பொங்கலும் ஆகாது; யாராவது பட்டாசு என்றதும் ஆட்டம் முடிந்தது. மல்லிகையும் முல்லையும் உத்தமம். பாயும் ஜமுக்காளமும் நன்று. டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் ஊரைப் பொறுத்தது. சித்தப்பாவும் மாமாவும் என்ற இணையை எக்காரணம் கொண்டும் உறவினர் நடுவில் போடக் கூடாது. “கல்யாணத்துக்கு வரமாட்டார்” என்று ஒருவர் க்ளூ சொன்ன பிறகு அது ஆட்டமாக இருப்பதில்லை.

கூட்டும் பொரியலும் இன்னொரு வகை ஆபத்து. பார்வைக்கு அருமையான இணை. ஆனால் தேங்காய் எதில் போடுவது, பருப்பு எதில் சேர்ப்பது என்பதில் வீட்டுக்கு வீடு உறுதியான கொள்கை உண்டு. ஒரே சொல் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஓரகத்திகள் இருவர் ஒருவரையொருவர் ஒற்றர் என்று நம்பியது இவ்வாய்வாளர் நேரில் கண்டது. சீட்டைக் காட்டிய பின்னும் அந்த ஐயம் தீரவில்லை.

மாவட்டப் பிழை

இனி கணக்கு. ஏழு பேர் ஆடினால், இருவர் மிஞ்சும்வரை ஐவர் வெளியேறுவர். யாரும் எதுவும் பேசாமல், க்ளூவே இல்லாமல், குலுக்கிப் போட்டு ஐவரை வெளியே அனுப்பினாலே அவர்களுள் வேற்றுச்சீட்டார் இருப்பதற்கான வாய்ப்பு ஏழில் ஐந்து. அதாவது 71 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கிறதோ அதுவே நம் துப்பறிவின் பயன். இவ்வளவு கத்தலுக்கும், உற்றுப் பார்த்தலுக்கும், “சாமி சத்தியமா” என்ற சூளுரைக்கும் பிறகு அந்த அளவுகூட எட்டுவதில்லை என்பதே இவ்வாய்வாளரின் அச்சம். யோசிப்பதால் குலுக்கலைவிடக் கீழே போகிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம், நாம் பொய்யரைத் தேடுவதில்லை. நம் வீட்டைப் போல் சாப்பிடாதவரைத் தேடுகிறோம். உறவினர் அல்லாத, பல ஊர் நண்பர்கள் கூடும் ஆட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். இடியாப்பமும் சேவையும் என்று ஓர் இணை. சென்னைக்காரர் “தேங்காய்ப்பால்” என்றார், எல்லோரும் தலையாட்டினர். மதுரைக்காரர் “பாயா” என்றார். சைவர்கள் இருவர் புருவம் உயர்ந்தது. திருநெல்வேலிக்காரர் “சொதி” என்றார். அது என்ன சொதப்பல் என்று ஒருவர் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர், தம் ஊரில் இதைச் சந்தகை என்போம் என்று விளக்கப் போய், சொல்லையே சொல்லிவிட்டதாகத் தண்டிக்கப்பட்டார். ஓட்டு திருநெல்வேலிக்குப் போனது. சேவைச் சீட்டு வைத்திருந்தவர் “காலையில” என்று மட்டும் சொல்லி, நல்லபிள்ளையாகக் கடைசிவரை இருந்தார்.

இதை மாவட்டப் பிழை என்று அழைக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. தம் அடுக்களையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னவர் முதலில் வெளியேறுவதே இதன் அடையாளம். சூத்திரதாரிகள் சாப்பாட்டு இணைகளைத் தவிர்த்தால் பிழை குறையும். ஆனால் சாப்பாட்டைத் தவிர வேறெதற்கும் நம்மவரிடம் இவ்வளவு க்ளூ கிடைப்பதில்லை.

மேலாய்வுக்கு உரியன

மின்வெட்டு வந்தால் அந்தச் சுற்று செல்லுமா? சூத்திரதாரியின் மனைவி ஆட்டத்தில் சேரலாமா? பிடிபட்ட பின் “நான் அப்பவே சொன்னேன்ல” என்பவருக்கு மதிப்பெண் உண்டா? இவை நிற்க, ஒன்று மட்டும் உடனடி ஆய்வுக்கு உரியது. அடுக்களையில் இருப்பவர்களுக்குச் சீட்டுக் கிடையாது, முகம் தெரியாது, யார் எந்த ஊர் என்ற வம்பும் எண்ணெய்ச் சத்தத்தில் பாதி கேட்காது. க்ளூக்கள் மட்டும் வரிசையாகக் காதில் விழும். எங்கள் வீட்டில் வேற்றுச்சீட்டாரை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்து வரும் குரல்தான்: “மாமாதான், வேற யாரு?” அவர்களையும் வட்டத்தில் உட்கார்த்தி இக்கருதுகோளைச் சோதிக்க முறைப்படி முன்மொழியப்பட்டது. அப்படியானால் பஜ்ஜியை யார் போடுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கூடத்தில் உடனே அடுத்த சுற்றுக்குச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.